நாவலை வாசிக்கும் படமும் கவிதையாய்ப் பேசும் படமும்

பிரான்சுவா த்ரூஃபோவின் ‘ஜூல் எ ஜிம்’ (1962), அலென் ரெனேயின் ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ (1959). இரண்டும் பிரெஞ்சு இயக்குநர்கள் எடுத்த காதல் படங்கள். இரண்டிலும் எழுத்து காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் அதற்குக் கிடைத்திருக்கும் இடம் வேறு வேறு.

ரெனேயிடம் முதலில் கேட்டது அணுகுண்டு பற்றிய ஓர் ஆவணப்படம். அவர் எழுத்தாளர் மார்கெரித் துராஸைத் திரைக்கதை எழுத வைத்தார். ஹிரோஷிமாவில் சந்திக்கும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் ஒரு ஜப்பானியனும்தான் கதை. “ஹிரோஷிமாவில் நீ எதையும் பார்க்கவில்லை” என்று அவன் மறுக்க, “எல்லாம் பார்த்தேன்” என்கிறாள் அவள். தொடக்கக் காட்சியில் இது பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. நம் அகப்பாடல்களின் தலைவன் தலைவிபோல இருவருக்கும் பெயரே இல்லை. கடைசியில் ஊர்ப்பெயரால்தான் அழைத்துக்கொள்கிறார்கள்: அவன் ஹிரோஷிமா, அவள் தன் பிரெஞ்சு ஊரான நெவேர். போர்க்காலத்தில் அவள் நேசித்த ஜெர்மன் வீரன் செத்ததை, தலை மழிக்கப்பட்டு நிலவறையில் கிடந்ததை அவள் சொல்லும்போது, இந்த ஜப்பானியன் செத்தவனின் இடத்தில் தன்னை வைத்து “நான் செத்துவிட்டேனா?” என்று கேட்கிறான். அவளும் அவனையே “நீ” என்று சொல்லிப் பேசுகிறாள். ஒரே ஒரு பிரதிப்பெயர் பதினான்கு வருடத்தைத் தாண்டிவிடுகிறது. எழுத்தின் வலிமைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் சில இடங்களில் பாத்திரத்தை மீறி துராஸின் குரலே எனக்குக் கேட்கிறது.

த்ரூஃபோ எடுத்தது ஹான்ரி-பியேர் ரோஷே எழுபதைத் தாண்டிய பிறகு, 1953இல் வெளியிட்ட நாவல்: ஜூல், ஜிம் என்ற இரு நண்பர்களும் அவர்கள் இருவரும் காதலிக்கும் காத்ரீனும். அதன் நடையைக் கதைசொல்லியான மிஷெல் சுபோரின் குரலில் அப்படியே விட்டுவைத்தார். பதற்றமில்லாத, வேகமான குரல். பெரிய துக்கத்தையும் ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும். சரி, இதுவும் எழுத்தாளர் குரல்தானே என்று கேட்கலாம். எனக்கு இந்தப் படம் ஒரு படி மேலே நிற்பது கடிதங்களால். கர்ப்பம் என்று காத்ரீன் எழுதுகிறாள். ஜிம் நம்பாமல் பதில் போடுகிறான். அதற்குள் இன்னொரு கடிதம் கிளம்பிவிடுகிறது. தபால் போய்ச் சேரும் அந்தச் சில நாட்களில்தான் காதல் உடைகிறது. எழுத்து இங்கே கதையைச் சொல்வதோடு நிற்கவில்லை, அதுவே சம்பவமாகிவிட்டது.

புத்தகமும் கடிதமுமாக வாழ்ந்த மூவரும் பிற்பகுதியில் ஒரு திரையரங்கில் சந்திக்கிறார்கள். திரையில் செய்திப்படம்: நாஜிகள் புத்தகங்களை எரிக்கிறார்கள். அப்புறம் காத்ரீன் ஜிம்மை ஏற்றிக்கொண்டு உடைந்த பாலத்திலிருந்து காரை ஆற்றுக்குள் விடும் அந்தக் காட்சி வர அதிக நேரம் ஆவதில்லை.