இரண்டு பக், ஒரே 10 மெகாஹெர்ட்ஸ்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்தது

எங்கள் செயற்கைக்கோள் தரை நிலையத்தில் கேயு பேண்டுக்கு இரண்டு பிளாக் அப்கன்வெர்ட்டர்கள். மோடத்தின் தாழ்ந்த அதிர்வெண் (எல் பேண்ட்) சிக்னலை, செயற்கைக்கோளுக்கு அனுப்பும் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு (கேயு பேண்ட்) ஏற்றுகிற பெட்டிகள் இவை. ‘பக்’ என்றுதான் சொல்வோம். ஒன்று ஆன்டெனாவுக்கு அனுப்பும், மற்றது டம்மி லோடில் (சக்தியை வானில் விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் சுமை) ஓடியபடி தயாராகக் காத்திருக்கும். முதல் பக் பழுதானால் வேவ்கைட் சுவிட்ச் திரும்பி இரண்டாவதை ஆன்டெனாவோடு இணைக்கும்.

முதல் இரண்டு வருடம், மோடம் தரும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸும் (பக் தன் அதிர்வெண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளப் பின்பற்றும் அடிப்படை சிக்னல்) எல் பேண்ட் சிக்னலும் ஒரே கேபிளில் போய், ஆன்டெனா அடியில் ஒரு ஸ்ப்ளிட்டரில் பிரிந்தன. சாதாரண எல் பேண்ட் ஸ்ப்ளிட்டர் 950 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகக் கடத்தாது. அதனால் 10 மெகாஹெர்ட்ஸையும் விடுகிற ரகமாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தோம். ஆனாலும் ஒரு மழையில் அந்தக் கேபிளின் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ரெஃபரன்ஸ் போனதும் பக் தானே மியூட் ஆனது, அதாவது அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அப்படித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அதிர்வெண் நகர்ந்து பக்கத்து கேரியர் (அடுத்த அதிர்வெண்ணில் போகும் சிக்னல்) மேல் ஏறிவிடும். கன்ட்ரோலர் உடனே இரண்டாவது பக்குக்கு மாற்றியது. அதுவும் மியூட்! இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் முக்கால் மணி நேரம் சேவை இல்லை. அன்று வந்த வேதனை இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினோம். எல் பேண்டை உள்ளே ரேக்கிலேயே இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு வழியிலும் ரெஃபரன்ஸைத் தனியாகச் சேர்த்து, தனித்தனி கேபிளில், தனித்தனி பாதையில் அனுப்புகிறோம். ரெஃபரன்ஸுக்கு இரண்டு ஓவன் ஆஸிலேட்டர்கள் (உள்வெப்பத்தை மாறாமல் வைத்து அதிர்வெண்ணை நிலையாகத் தருபவை), பிறகு அதைப் பல வழிகளுக்குப் பகிர்ந்து தரும் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர். அதன் வெளியீடுகள் ஒன்றோடொன்று பிரிந்திருப்பதால், ஒரு கேபிள் ஷார்ட் ஆனாலும் மற்றதில் அளவு குறையாது. பாசிவ் ஸ்ப்ளிட்டரில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. செலவு கூடுதல்தான், ஆனால் நான் திரும்பக் கட்டினாலும் இப்படியே கட்டுவேன்.

ஒரு தொல்லை வந்தது. ஆம்ப்ளிஃபையரோடு வந்த ஸ்விட்சிங் பவர் சப்ளையின் இரைச்சல் ரெஃபரன்ஸில் ஏறி, கேரியரின் இரு பக்கமும் சிறு முட்களாகத் தெரிந்தது. பக்கின் லோக்கல் ஆஸிலேட்டர் (சிக்னலை மேலே ஏற்ற ரெஃபரன்ஸிலிருந்து அது உண்டாக்கும் அலை) 13.05 கிகாஹெர்ட்ஸ், அதாவது 10 மெகாஹெர்ட்ஸைப்போல 1305 மடங்கு. ரெஃபரன்ஸில் ஒட்டும் அழுக்கு மேலே சுமார் 62 டெசிபல் பெருகும். லீனியர் சப்ளை போட்டதும் முட்கள் போய்விட்டன. அதிர்வெண் பிழையும் இதே மடங்கில் பெருகும்: பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் மேலே 13 கிலோஹெர்ட்ஸ் நகரும். ஓவன் ஆஸிலேட்டருக்குப் பணம் போட்டது அதற்காகத்தான்.

குறை என்று சொன்னால், ஒரு ஆஸிலேட்டரிலிருந்து அடுத்ததற்கு மாறும் கணத்தில் ஃபேஸ் (அலையின் கட்டம்) குதித்து, தொலைவில் இருக்கும் மோடம்கள் சில லாக் விட்டு, அதாவது சிக்னலைத் தவறவிட்டு, மறுபடி பிடிக்கின்றன. ஆம்ப்ளிஃபையரும் இன்னும் ஒன்றுதான். இரண்டாவது வாங்கக் கேட்டிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பராமரிப்பு நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் பக்கின் ரெஃபரன்ஸை நானே கழற்றிவிட்டுச் சுவிட்ச் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். கடந்த முறையும் திரும்பியது.