கெண்டை மேட்ச் நடந்த குளம்: மீனுக்கு ஃபுல் மார்க், தராசுக்கு பாதி மார்க்

போன சனிக்கிழமை எங்க கிளப்போட செப்டம்பர் மேட்ச். மில்டன் கீன்ஸ்ல இருந்து முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டணும், வயக்காட்டு நடுவுல நாலு குளம் வெட்டி கெண்டை விட்டு வச்சிருக்குற ஒரு கமர்ஷியல் இடம். பேர் போடல, ஏன்னா அடுத்த வருஷமும் எங்க செகரட்டரி அங்கதான் புக் பண்ணுவார், நான் குறை சொன்னது அவர் காதுக்குப் போனா எனக்குத்தான் வம்பு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துல கெண்டை பிடிக்கிறவங்க ரெண்டு ரகம். ஒண்ணு, கூடாரம் போட்டு ராத்திரி பகலா அலாரம் சத்தத்துக்கு காத்துக்கிட்டு, ஒரே ஒரு பெரிய மீனுக்காக தவம் கிடக்குறவங்க. 1952ல ரிச்சர்ட் வாக்கர்னு ஒருத்தர் ரெட்மயர் குளத்துல 44 பவுண்டு கெண்டை ஒண்ணு பிடிச்சார், அதை லண்டன் ஜூவுல தொட்டில வச்சிருந்தாங்க, இந்த ரகத்துக்காரங்களுக்கு அது ஸ்தல புராணம் மாதிரி. நாங்க அடுத்த ரகம். ஆறு மணி நேரத்துல யார் மொத்த எடை அதிகம் பிடிக்கிறாங்கன்னு போட்டி, முடிஞ்சதும் எல்லா மீனையும் திருப்பி தண்ணிலயே விட்டுடணும். ஊர்ல சொன்னா "விடுறதுக்கா காசு குடுத்து பிடிக்கிற"ன்னு எங்க அப்பா கேக்குறார், அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு நாலு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

சரி, இடத்துக்கு வருவோம். ஏழரைக்கு கேட் திறந்தாங்க. பெக்குக்கு, அதாவது கரையில ஆளுக்கு ஒண்ணுன்னு நம்பர் போட்டு ஒதுக்குற இடத்துக்கு, பின்னாடியே கார் நிறுத்தலாம், இதுக்கே தனியா ஒரு மார்க் குடுப்பேன். உக்கார்ற பாக்ஸ், போல் பை, ரோலர், குடை, இரை டப்பாங்கன்னு என் சாமான் எல்லாம் இறக்கி வச்சா ஒரு சின்ன கல்யாண சீர்வரிசை கணக்கா இருக்கும், இதை தள்ளுவண்டில வச்சு ஈரப் புல்லுல கால் மைல் இழுத்த குளமெல்லாம் பாத்திருக்கேன். டாய்லெட் சுத்தம். கஃபேல பேக்கன் ரோல் சுமார், டீ பெரிய மக்ல வரும்.

லைசன்ஸ் செக் பண்ணாங்க, அதுவும் நல்லதுதான். இங்க 13 வயசு ஆயிட்டா யாரா இருந்தாலும் தூண்டில் போட என்விரான்மென்ட் ஏஜென்சிங்குற அரசாங்க அமைப்போட ராட் லைசன்ஸ் வேணும், இல்லாம மாட்டுனா 2,500 பவுண்டு வரைக்கும் ஃபைன் போடலாம். சும்மா ஒரு நாள் ட்ரை பண்ணலாம்னு ஃப்ரெண்ட் தூண்டிலை வாங்கிட்டுப் போற நம்ம ஆளுங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கீப்நெட், அதாவது பிடிச்ச மீனை எடை போடுற வரைக்கும் தண்ணிக்குள்ளயே விட்டு வைக்கிற நீள வலை, அவங்களே குடுத்தாங்க, ஆளுக்கு ரெண்டு. சொந்த நெட் போடவே கூடாது. இதைப் பத்தி சில பேர் முணுமுணுத்தாங்க, எனக்கு இது சரின்னுதான் தோணுது. கோய் ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ் இருக்கு, ஒரு குளத்துல ஊறுன ஈர நெட்டை அப்படியே இன்னொரு குளத்துல போட்டா நோயும் கூடவே வரும், வந்துட்டா கெண்டை கொத்துக் கொத்தா செத்து மிதக்கும். முள் எல்லாம் எதிர்முள் இல்லாததுதான், அதுவும் ரூல்.

ஆனா பெல்லட்டும் (மீன் தீனி உருண்டை) அவங்க கடைலயே வாங்கணும்னு ஒரு ரூல் வச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் கடுப்பு. எனக்குக் குடுத்த ரெண்டு மில்லிமீட்டர் மைக்ரோ பெல்லட் பையில பாதி தூசு. மைக்ரோவை எப்படி ஊற வைப்போம்னா, டப்பால போட்டு மட்டமா மூழ்குற அளவு தண்ணி ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டு வடிச்சு ஓரமா வச்சுட்டா, கொஞ்ச நேரத்துல உப்பி, கையில பிடிச்சா புட்டுமாவு மாதிரி பிடிபடும், விட்டா உதிரும். அந்தப் பதம் வந்தாத்தான் மெத்தட் ஃபீடர்ல (இரையை ஒட்ட வச்சு தூண்டிலோட சேத்து வீசுற சின்ன கூடு) அமுக்கி வீச முடியும், தண்ணிக்கு அடில போய் மெதுவா கரையும். இவங்க தூசு களி ஆயிருச்சு. ஃபீடர்ல ஒட்டிக்கிட்டு, இழுத்துப் பாத்தா போன மாதிரியே திரும்பி வருது! கடைசில சல்லடை எடுத்து சலிச்சுட்டு மறுபடி ஊற வச்சேன், காலைல நல்ல அரை மணி நேரம் அதுலயே போச்சு.

குலுக்கல்ல எனக்கு 9ஆம் பெக். ஓரத்து பெக் கிடைச்சா ஒரு பக்கம் ஆள் இருக்காது, மீன் நம்ம பக்கம் ஒதுங்கும்னு எல்லாரும் அதுக்குத்தான் ஆசைப்படுவாங்க. எனக்கு நடுவுல வந்தாலும் காத்து எங்க கரையைப் பாத்து அடிச்சதால ஒண்ணும் குறை சொல்ல முடியாது. பத்து மணிக்கு ஊதல். முதல் ரெண்டு மணி நேரம் ஃபீடரை தீவு ஓரமா வீசுனேன், அஞ்சு மீன். அப்புறம் போல். ரீல் கிடையாது, 13 மீட்டர் கார்பன் கம்பு, நுனிக்குள்ள ரப்பர் எலாஸ்டிக் ஓடும், அதுல தங்கூஸ், தக்கை, முள். மீன் மாட்டுனா எலாஸ்டிக் நீண்டுக்கிட்டே போகும், கம்பை ஒவ்வொரு துண்டா கழட்டி பின்னாடி ரோலர்ல தள்ளணும். முதல் தடவை பாக்குறவங்களுக்கு கொஞ்சம் சர்க்கஸ் மாதிரிதான் தெரியும்.

இந்தக் குளத்தோட அசல் சங்கதி கரையோரம். மேடைக்கு இடது பக்கம் நாணல், ரெண்டடி ஆழம், அடி தரை கெட்டியா மட்டமா இருக்கு. பதினோரு மணில இருந்தே சின்ன கப்புல சோளமும் பெல்லட்டும் அங்க கொட்டிக்கிட்டு வந்தேன், தூண்டில் மட்டும் போடல. ரெண்டரை மணி இருக்கும், காத்தே இல்லாத நேரத்துல ஒரு நாணல் தண்டு மட்டும் லேசா ஆடுச்சு. அப்புறம் தண்ணி கலங்கி, ஒரு வால் மெல்லமா சுழிச்சுட்டுப் போச்சு. ஒரு துண்டு லஞ்சன் மீட்டை (டின்ல வர்ற இறைச்சி) முள்ல கோத்து இறக்குனேன், தக்கை நிக்கறதுக்கு முன்னாடியே காணோம். எலாஸ்டிக் நாணலுக்குள்ள பாஞ்சது, நான் கம்பை தண்ணியோட தண்ணியா சாச்சுப் பிடிச்சு எதிர்ப்பக்கம் இழுத்ததுல தலை திரும்புச்சு. கைவலைக்குள்ள வந்தது கண்ணாடிக் கெண்டை, முதுகுல மட்டும் ஒரு வரிசை பெரிய செதில், மத்த இடமெல்லாம் வழவழன்னு தோல், மேல் உதடு ஓரத்துல குட்டி மீசை. 1939ல இலங்கைல இருந்து நீலகிரிக்குக் கொண்டு வந்து விட்டாங்களே, அதே வகை. உதட்டுல ஒரு கிழிசல் இல்ல, செதில் உதிரல, இவ்வளவு மேட்ச் நடக்குற குளத்துல இப்படி மீன் இருக்கறது அபூர்வம். இதுக்காகவே நான் மறுபடி போவேன்.

அதுக்கப்புறம் மீன் வந்துக்கிட்டே இருந்துச்சு, அங்கதான் நான் சொதப்புனேன். ஒரு நெட்டுல 50 பவுண்டுதான் போடலாம், மேல போனா 50ன்னுதான் எழுதுவாங்க. பக்கத்து பெக் தாத்தா மூணு மணிக்கு "தம்பி, நெட்டு மாத்திட்டியா?"ன்னு கேட்டார், நான் "இன்னும் இடம் இருக்கு"ன்னு கையைக் காட்டிட்டு பன்னெண்டாவது மீனையும் அதுலயே போட்டேன். மீன் ஒண்ணுக்கு நாலு பவுண்டுன்னு மனக்கணக்கு, ஆனா ஓரத்துக்கு வந்ததெல்லாம் ஆறு ஏழுன்னு இருந்திருக்கு.

நாலு மணிக்கு ஊதல். பதினாலு பேருக்கு ஒரே ஒரு தராசு, ஒரே ஒரு முக்காலி, அதை தூக்கிக்கிட்டு வர்ற ஸ்டாஃப் ஒரே ஒருத்தர். என் பெக்குக்கு வரும்போது அஞ்சே கால். நான் சும்மா உக்காந்திருந்தா பரவால்ல, ஆனா நெட்டுக்குள்ள அவ்வளவு மீனும் நெருக்கியடிச்சு கிடக்குது, அதுல நெட்டு போட்டிருக்குறது ஆழமே இல்லாத ஓரம். வைரஸுக்கு இவ்வளவு பயப்படுற இடம் இதுக்கு இன்னொரு தராசு வாங்கக் கூடாதா? கேட்டேன், சீசன்ல ஆள் கிடைக்கலன்னார். மீன் அவங்களோட முதல்தானே, எனக்குப் புரியல.

முதல் நெட்டு 61 பவுண்டு 8 அவுன்ஸ். அந்த ஆள் சிரிச்சுக்கிட்டே 50ன்னு எழுதுனார். ரெண்டாவது 38 பவுண்டு 6 அவுன்ஸ். ஆக மொத்தம் 88-6, நாலாவது இடம். ஜெயிச்சவர் 131-10, அவர் மூணு நெட்டு கேட்டு வாங்கி வச்சிருந்தார், அப்படி கேட்டா குடுப்பாங்கன்னு போர்டுல எங்கயும் எழுதல, ரூல்ஸ் சொல்லும்போதும் யாரும் சொல்லல. இதையும் என் புகார் லிஸ்ட்ல சேத்துக்கோங்க.

பெக் காசு 10 பவுண்டு, பரிசுப் பணத்துக்கு தனியா 10, பெல்லட் 6. கிளப்போட போறவங்க தாராளமா புக் பண்ணுங்க, சல்லடை ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க, வந்ததுமே மூணாவது நெட்டு கேளுங்க. தனியா டே டிக்கெட்ல போறதா இருந்தா வார நாள்ல போங்க, சனிக்கிழமை நல்ல குளம் எல்லாம் மேட்ச்சுக்குப் போயிடும்.

மூணாவது இடம் 94-2, பக்கத்து பெக் தாத்தா. கவர்ல 25 பவுண்டு இருந்துச்சாம். நான் கேக்கல, கார்ல சாமான் ஏத்திக்கிட்டு இருக்கும்போது அவரே வந்து சொல்லிட்டுப் போனார்.