தழும்புக்கு சிலிக்கோன் ஷீட்டா, ஜெல்லா? மும்பை வியர்வைக்கு எது தாங்கும்

தையல் பிரித்து, பொருக்கு முழுக்க உதிர்ந்து, புண் நன்றாக மூடிய பிறகுதான் தோலில் ஒட்டும் சிலிக்கோன் ஷீட், தடவும் சிலிக்கோன் ஜெல் இரண்டில் எதையும் தொட வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். கசிவு இருக்கும்போதே ஷீட்டை ஒட்டினால் உள்ளே புழுங்கிச் சீழ் பிடிக்கலாம்.

1980-களில் தீக்காயத் தழும்புக்கென்று வந்த முறை இந்தச் சிலிக்கோன். புதுத் தழும்பின் மேல்தோல் ஈரத்தைச் சீக்கிரம் இழக்கும். அந்த வறட்சியால்தான் அடியில் கொலாஜன் என்ற தோல் புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து தழும்பு தடிக்கிறது என்று கருதப்படுகிறது. சிலிக்கோன் மேலே படிந்து ஈரத்தைக் காக்கிறது, அவ்வளவுதான். மருந்து எதுவும் உள்ளே இறங்குவதில்லை. ஆகவே எத்தனை மணி நேரம் தோலில் இருக்கிறது என்பதே கணக்கு. ஷீட், ஜெல் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எது உங்கள் உடம்பில் நிற்குமோ அதை வாங்குங்கள்.

ஷீட் தினமும் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதமாவது இருக்க வேண்டும். தழும்பைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலை துணியில் சிக்கி உரிந்துவிடும். முதல் இரண்டு நாள் நாலு மணி நேரம் போதும், பிறகு கூட்டலாம். தினமும் ஷீட்டையும் தோலையும் மிதமான சோப்பில் கழுவி, ஷீட்டைக் காற்றில் உலர்த்துங்கள். துண்டால் துடைத்தால் நூல் ஒட்டிப் பசை போய்விடும். தேங்காயெண்ணெய் தடவிய தோலில் ஷீட் நிற்கவே நிற்காது.

மும்பையில் சிக்கல் வியர்வை. மழைக்காலப் புழுக்கத்திலும் அக்டோபர் வெயிலிலும் நெரிசலான லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் நின்றால் ஷீட்டுக்கடியில் நீர் கோத்து, தோல் வெளுத்து ஊறி, சிவப்புப் பொரியாக வேர்க்குரு கிளம்பும். அப்போது ஷீட்டை எடுத்துவிட்டு, தோல் தெளிந்ததும் தினமும் குறைந்த நேரம் மட்டும் ஒட்டி மீண்டும் தொடங்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் ஜெல், இரவில் ஷீட் என்று பிரித்துக்கொள்வதே இந்த ஊருக்குச் சரி.

ஜெல்லைக் காலை, இரவு இரு வேளை மிக மெல்லிசாகத் தடவினால் போதும். ஐந்து நிமிடத்தில் காயாவிட்டால் அளவு அதிகம். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிசுபிசுத்து உடையில் ஒட்டும். காய்ந்த பிறகு சன்ஸ்கிரீன் போடலாம். முகம், முழங்கை, முழங்காலுக்கு ஜெல்தான். மடங்கும் இடத்தில் ஷீட் தங்காது.

சிசேரியன் தழும்புக்கும் மார்புத் தழும்புக்கும் ஷீட் நல்லது. உள்பாவாடை நாடா மட்டும் தழும்பின் மேல் விழாமல் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள்.

இரண்டும் கைக்கு எட்டாத விலை என்றால், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் காகித மைக்ரோபோர் டேப் மோசமில்லை. தழும்பின் நீளவாக்கில் ஒட்டி, தானாக உரியும்வரை விடுங்கள். தழும்பு இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். வெடுக்கென்று பிய்த்தால் புதுத்தோல் கிழியும். வைட்டமின் ஈ எண்ணெய் வேண்டாம். சிலருக்கு அதுவே அலர்ஜி.

தழும்பு பழைய காயத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவினால் அது கீலாய்டாக இருக்கலாம். அதற்கு சிலிக்கோன் மட்டும் போதாது. தோல் மருத்துவரைப் பாருங்கள், ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம்.