காதில் ஒரு துளி ரத்தமா, தோளில் ஒரு சென்சாரா?

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் எந்த இன்சுலின் நல்லது என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். சர்க்கரையை எங்கே, எதைக் கொண்டு பார்க்கப் போகிறோம் என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பேன். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் தொடங்குவார். பிறகு கூட்டுவதும் குறைப்பதும் கால் யூனிட், அரை யூனிட் கணக்கில்தான். அவ்வளவு சிறிய மாற்றத்தைத் தப்பான எண்ணை நம்பிச் செய்தால் நல்ல இன்சுலினே பூனையைச் சாய்த்துவிடும்.

வழிகள் மூன்று: மருத்துவமனையில் பகல் முழுவதும் வைத்துப் பார்ப்பது, வீட்டில் காதில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்ப்பது, உடம்பில் சென்சார் ஒட்டுவது. சிறுநீரில் நனைக்கும் பட்டையை இவற்றோடு நான் சேர்க்கவில்லை. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 250 மி.கி.-ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். சர்க்கரை தாழ்ந்து போவதைப் பட்டை காட்டவே காட்டாது. கீட்டோன், அதாவது இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் ஆபத்தான பொருள், இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும்.

மருத்துவமனையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து வரைபடம் போடுவார்கள். குறை அவர்கள் வேலையில் இல்லை, பூனையின் சுபாவத்தில் இருக்கிறது. பயந்த பூனைக்கு அந்தப் பயத்தாலேயே சர்க்கரை ஏறும். நோயே இல்லாத பூனைக்குக்கூட 300-ஐத் தாண்டுவது உண்டு. எங்கள் பூனைக்கு ஒரு நாள் காலை வீட்டில் 190 இருந்தது. கூடையில் வைத்துக் கொண்டுபோய் மேசையில் இறக்கியபோது 370. வீட்டு எண் கையில் இல்லாதிருந்தால் அன்றைக்கே அளவைக் கூட்டியிருப்போம். அங்கே அது சாப்பிடவும் மறுக்கும். அதனால் அன்றைய வரைபடம் வழக்கமான நாளின் படமாக இருக்காது. ஆனால் ஃபுரக்டோசமைன் பரிசோதனைக்கு மருத்துவமனைதான். கடந்த இரண்டு வாரத்தின் சராசரி நிலையை அது சொல்லும். ஒரு மணி நேரப் பயம் அதைப் பாதிக்காது. பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று போன்ற, இன்சுலினை வேலை செய்யவிடாத காரணங்களையும் அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

காதுக்கு வருவோம். பலரும் அஞ்சுவது இதற்குத்தான், நான் முதலிடம் தருவதும் இதற்குத்தான். காது மடலின் வெளி ஓரத்தை ஒட்டி மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று ஓடுகிறது. குழாயைக் குத்தாமல், அதற்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள இடத்தில் குத்த வேண்டும். காது சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் வைத்துப் பிடியுங்கள். மடலுக்குப் பின்னால் மடித்த பஞ்சு இருந்தால் ஊசி உங்கள் விரலில் ஏறாது. கடுகளவு துளி போதும். பிறகு பத்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, அதற்குப் பிடித்த இறைச்சித் துண்டு ஒன்று. முதல் வாரம் மல்லுக்கட்டியது, மூன்றாவது வாரம் டப்பா திறக்கும் சத்தம் கேட்டுத் தானே வந்து உட்கார்ந்தது.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாக உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மனித ரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களிலும் இருக்கிறது. பூனைக்கு ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதியில். மனிதக் கணக்குக்கு அமைத்த கருவி அதனால் பிசகுகிறது. விலங்குகளுக்கான மீட்டர் என்றால் பூனைக்குரிய குறியீட்டைச் சரியாக அமைக்க வேண்டும். எதை வைத்திருந்தாலும் சரி, ஒரே நோட்டில் இரண்டு மீட்டர்களின் எண்களைக் கலக்காதீர்கள்.

இனி சென்சார். பெரும்பாலும் பயன்படுவது மனிதர்களுக்கென்று வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே. முடியைச் சிரைத்து, தோளருகிலோ விலாவிலோ ஒட்டுவார்கள். மாடலைப் பொறுத்து 14 அல்லது 15 நாள் என்பது அதன் ஆயுள். நக்கியும் உரசியும் பல பூனைகள் அதற்கு முன்பே கழற்றிவிடும். அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையே உள்ள நீரை. எனவே சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது எண் சில நிமிடம் பின்தங்கும். 40-க்குக் கீழே போனால் எண்ணே வராது, தாழ்வு என்று மட்டும் காட்டும். தாழ்வு என்று காட்டினால் நான் உடனே காதில் குத்தி உறுதி செய்துகொள்வேன்.

ஆனாலும் சென்சாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்சுலினின் அளவைத் தீர்மானிப்பது ஊசிக்கு முந்தைய எண் மட்டுமல்ல. ஊசி போட்டபின் சர்க்கரை எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது என்பதுதான் முக்கியம். கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினில் அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் இடம் மாறும். பகலில் நான் பார்த்ததெல்லாம் 140, 150. இரவு இரண்டு மணிக்கு அது 70 வரை இறங்குகிறது என்பதை ஒட்டிய மூன்றாம் நாள் சென்சார்தான் காட்டியது. கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அளவை மருத்துவர் கால் யூனிட் குறைத்தார்.

எந்த வழியில் பார்த்தாலும், எண் திடீரென்று தலைகீழானால் முதலில் சிரிஞ்சை எடுத்துப் பாருங்கள். புரோசிங்க், கேனின்சுலின் ஆகிய விலங்கு இன்சுலின்கள் மில்லிக்கு 40 யூனிட். கிளார்ஜின் சாதாரணமாக 100 யூனிட். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் ஒரு கோடு ஏற்றினால் உள்ளே போவது இரண்டரை யூனிட். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் அடுத்த ஊசியை நிறுத்தி, ஈறில் தேனோ குளுக்கோஸ் பாகோ தடவிக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும்.

தொடங்கிய முதல் இரண்டு வாரமும், அளவு பிடிபடாமல் அலையும் நாட்களிலும் சென்சார், அன்றாடத்துக்குக் காது, சில மாதத்துக்கு ஒரு முறை ஃபுரக்டோசமைனுக்கு மருத்துவமனை. என் தேர்வு இதுதான். காதைத் தொடவே விடாத பூனை என்றால் சென்சாரை நீட்டிக்க வேண்டியதுதான்.

காதை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாவுச்சத்து குறைந்த உணவும் சரியான இன்சுலினும் ஆரம்பத்திலேயே அமைந்தால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாத நிலை வரும். அது வரும்போது சில நாட்களில் தேவை சரியும். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். எங்கள் பூனைக்கு நான்காவது மாதத்தில் காலை எண் 110, 96, 88 என்று இறங்கியது. அந்த மூன்று எண்களையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அன்று காலை ஊசி போட வேண்டாம் என்றார் மருத்துவர். நோய் திரும்பவும் வரக்கூடும் என்பதால், வாரத்துக்கு ஒரு முறை காதில் குத்திப் பார்ப்பது இன்றும் தொடர்கிறது.