வலிப்புக்கு ஒரு கைத்தகடு: 8 வருடம் போட்டுப் பார்த்த அனுபவம்

வலிப்பு இருக்கிறவர்கள், விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் படித்து உதவ, விவரம் எழுதிய அடையாளப் பட்டையைக் கையில் போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். பிள்ளைக்கு வாங்கிப் போட ஆசை, ஆனால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற தயக்கம். நான் 2017இல் இருந்து மூன்று விதமான பட்டைகளைப் போட்டிருக்கிறேன். எது உதவியது, எது கைவிட்டது என்று எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. வயது 34. முதல் வலிப்பு வந்தபோது 17. மாத்திரையை வேளை தவறாமல் போட்டும் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்துவிடும். கை கால் வெட்டி இழுத்து, நினைவு தப்பி விழும் வகை. வரப்போவது எனக்கு முன்னால் தெரியாது.

2017இல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன். கண் விழித்தது ஒரு மருத்துவமனைக் கட்டிலில். உள்ளங்கையில் சாவிக்கொத்து அழுந்திய தடம். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது; பல்லுக்கு நடுவே யாரோ ஸ்பூனைச் செருகியிருக்கிறார்கள். ஒரு காதுத் தோடு காணவில்லை. அதையெல்லாம் விடப் பெரிய கஷ்டம், மூன்று மணி நேரம் வீட்டுக்குத் தகவலே போகவில்லை. போனில் பூட்டு. கைப்பையில் ஆபீஸ் அடையாள அட்டைகூட இல்லை.

வெட்டு நின்றதும் ஆள் சரியாகிவிட்டார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எனக்கு அதற்கப்புறம் அரை மணி நேரமாவது ஆகும். கேள்வி காதில் விழும், வாயும் திறக்கும், பேர் வராது. டாக்டர் கேட்ட எதற்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதில் ஒரு ஆபத்து இருந்தது. 18 வயதில் கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து பத்து நாள் படுத்திருக்கிறேன். அது ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பெனிடோயின் என்ற மருந்தும் ஒத்துக்கொள்ளாது. வலிப்பு நிற்காவிட்டால் அவசரத்தில் ஊசியாக ஏற்றும் மருந்துகளில் அதுவும் ஒன்று. அன்றைக்கு ஏற்றவில்லை, தப்பித்தேன். அந்த வாரமே ஏதாவது ஒன்றைக் கையில் கட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கையில எழுதி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா யாருடி உன்னைக் கேட்டு வருவாங்க?" என்றார். எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. அடிக்கடி வலிப்பு வருபவருக்குச் செய்த திருமணத்தைச் செல்லாததாக்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1999இல்தான் திருத்தம் கொண்டுவந்து வலிப்பு என்ற சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போய்விட்டது, தரகர்கள் வாயிலிருந்து போகவில்லை. அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது.

முதலில் வாங்கியது இணையத்தில் கிடைத்த ஊதா நிற சிலிக்கான் பட்டை. ஊதா உலகம் முழுக்க வலிப்பு விழிப்புணர்வுக்கான நிறம். மேலே இங்கிலீஷில் எழுத்து. ஆபீஸில் எல்லாரும் ஏதோ மாரத்தான் ஓடி வாங்கியது என்று நினைத்தார்கள். பாத்திரம் துலக்கித் துலக்கி மூன்றே மாதத்தில் எழுத்து அழிந்துவிட்டது, வெயிலில் அடியில் வேர்த்து அரிப்பும் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும் இரண்டு நாளுக்கு வேண்டுமானால் சரி.

அடுத்தது ஸ்டீல் சங்கிலி. தகட்டில் ஆறு கை நட்சத்திரமும் நடுவில் கோலைச் சுற்றிய பாம்பும் இருக்கும், ஆம்புலன்ஸ்களில் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் க்யூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் என் பேர், மாத்திரை, டாக்டர் விவரம் எல்லாம் வரும் என்று விற்றார்கள், வரவும் செய்தது. ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் நானே சோதித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் திறக்கவில்லை. விற்ற கடை இணையத்தில் இருந்தே காணாமல் போயிருந்தது. எத்தனை மாதம் ஒன்றும் சொல்லாத கட்டத்தைக் கையில் சுமந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

இந்த வழக்கமே அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பெண்ணுக்காகத் தொடங்கியது. டெட்டனஸ் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் சாகக் கிடந்து பிழைத்தவள். அவளுடைய டாக்டர் அப்பாவும் அம்மாவும் 1956இல் கலிஃபோர்னியாவில் மெடிக்அலர்ட் என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். தகட்டில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால், இரவானாலும் பகலானாலும் ஒருவர் எடுத்து உங்கள் விவரத்தைப் படித்துச் சொல்வார். அந்தத் தகடு வேலை செய்வது பின்னால் அந்த ஆள் உட்கார்ந்திருப்பதால். எனக்கு அப்படி ஒரு எண் கிடையாது. எனக்காகப் போனை எடுப்பவர்கள் என் வீட்டு மனிதர்கள் மட்டும்தான். அப்படியானால் தகட்டில் இருக்க வேண்டியது அவர்கள் எண், அதுவும் எங்கள் ஊரில் தெருவில் நிற்பவர் படிக்கிற எழுத்தில். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

2019இல் ஃபேன்சி ஸ்டோர் ஒன்றில் 180 ரூபாய்க்கு, பையன்கள் போடும் ஸ்டீல் பிரேஸ்லெட் ஒன்று வாங்கினேன். நடுவில் எழுத்தில்லாத வெறும் தகடு. எடுத்துக்கொண்டு பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவரிடம் போனேன். எனக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டின் சீர்ப் பாத்திரம் வரிசையாக நின்றது. குடம், அண்டா, தூக்கு, எல்லாவற்றிலும் பெண்ணின் பேர். என் முறை வந்ததும், "என்ன பேர் போடணும்மா?" என்று கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இவ்வளவும் நிக்காதும்மா. ஒரு வரிக்குப் பதினாலு எழுத்து. புள்ளி எழுத்தெல்லாம் நெருக்கினா அழிஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். நான் 'வைக்காதீர்கள்' என்று எழுதியிருந்ததை அவர்தான் 'வைக்காதே' என்று சுருக்கினார். "அவசரத்துல மரியாதை எதுக்கு, படிச்சா சட்டுனு புரியணும்." பிட்ஸ் என்று போட்டால் எல்லாருக்கும் தெரியுமே என்றும் கேட்டார். எனக்கு வலிப்பு என்றே வேண்டும் என்றேன். கால்கை வலிப்பு மருவித்தான் காக்கா வலிப்பு ஆனது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சொல்லை எப்போதோ விட்டுவிட்டேன். வெறும் வலிப்பில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டார்: "உள்பக்கமா வெட்டவா, வெளிப்பக்கமா?"

எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்பக்கம் என்றேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. அதனால் வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் எழுத்து உள்ளேயே இருந்தது. 2021இல் ஸ்ரீரங்கத்தில் காய்கறிக் கடை முன்னால் விழுந்தபோது ஒருவர்கூடத் தகட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஏதோ பிரேஸ்லெட் என்று விட்டுவிட்டார்கள். மறுபடியும் சாவி. இந்த முறை வாயில் சோடா ஊற்றப் பார்த்து, இருமி இருமி மூச்சு முட்டியிருக்கிறது. நினைவு திரும்பாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

உதவ வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். இரும்பைத் தேடிக் கையில் கொடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். இரும்பு கொடுத்தோம், நின்றது என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று யாராவது சொல்லியிருந்தால் அதைச் செய்திருப்பார்கள். சொல்ல வேண்டியது என் கையிலேயே இருந்தது, உள்பக்கமாக.

அடுத்த சனிக்கிழமை பெரிய கடை வீதிக்குப் போய், இன்னும் அகலமான தகட்டில் வெளிப்பக்கம் வெட்டச் சொன்னேன். மேலே 'வலிப்பு' என்று பெரிதாக. கீழே 'வாயில் எதுவும் வைக்காதே', 'ஒருக்களித்துப் போடு', '5 நிமிடம் தாண்டினால் 108'. உள்பக்கம் வீட்டுக்காரர் போன் நம்பர். அதன் கீழே ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரை மட்டும் இங்கிலீஷில், அது டாக்டருக்கு. தற்போது சாப்பிடும் மாத்திரையை வெட்டவில்லை. குழந்தை பெறும் எண்ணம் இருந்ததால் என்னை வால்புரோயேட்டிலிருந்து லெவெடிரசெட்டத்துக்கு மாற்றினார்கள், அளவும் இரண்டு முறை மாறிவிட்டது. மாறுகிற விஷயத்தை உலோகத்தில் வெட்டினால் தப்பான தகவலைப் போட்டுக்கொண்டு திரிவோம். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், அதனால்தான் அந்த 5.

வெளியே தெரிய ஆரம்பித்ததும் கேள்விகள் வந்தன. பேங்கில், கல்யாண வீட்டில், பஸ்ஸில். முதல் ஆறு மாதம் களைப்பாக இருந்தது. ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போகப் பேசி முடித்த பிறகு, தகட்டைப் படித்த வீட்டுக்கார அம்மா மறுநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அது வலித்தது, இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போகப் பிடிப்பதில்லை. ஆனால் கேட்டவர்களில் பாதிப்பேர் குரலைத் தாழ்த்தி, "எங்க அக்கா பையனுக்கும் இருக்கும்மா" என்றார்கள்.

2023இல் 1ஆம் நம்பர் பஸ்ஸில், மாம்பழச்சாலை தாண்டுவதற்கு முன்னால் வலிப்பு வந்தது. நடந்ததை எல்லாம் பக்கத்து சீட்டில் இருந்த காலேஜ் பெண் சொல்லித்தான் தெரியும். கை வெட்டும்போது தகடு அவள் கண்ணில் பட்டிருக்கிறது. சத்தமாகப் படித்திருக்கிறாள். யாரோ சாவியை நீட்ட, கண்டக்டர், "இரும்மா, என்னமோ எழுதியிருக்கு, அந்தப் பொண்ணு படிக்கட்டும்" என்று தடுத்தாராம். டிரைவர் ஓரம் கட்டினார். என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அவளுடைய துப்பட்டாவை மடித்து வைத்திருக்கிறார்கள். 5 நிமிடம் என்று படித்ததால் அவள் போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் நின்றது. என் வீட்டுக்காரருக்கு அவள் பேசியதை அவர் அப்படியே சொல்வார்: "அண்ணா, பதறாதீங்க, அக்கா நல்லா மூச்சு விடுறாங்க." பல் உடையவில்லை, ஆஸ்பத்திரிச் செலவு இல்லை, அவர் அரை மணியில் வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

கழுத்துச் செயின் போடலாமே என்று கேட்பார்கள். பெண்களுக்கு நான் சொல்லமாட்டேன். தாலிச் சரடோடு சேர்ந்து உள்ளே போய்விடும், தெருவில் விழுந்து கிடக்கும் பெண்ணின் கழுத்தில் கை வைக்க எந்த ஆணும் தயங்குவான். மணிக்கட்டைப் பிடிக்கத் தயங்கமாட்டார்கள், நாடி பார்ப்பதும் அங்கேதான். மாமியார் தங்கத்தில் செய்து தருகிறேன் என்றார், அன்பாகத்தான். நினைவில்லாமல் கிடக்கும் நேரத்துக்குத் தங்கம் வேண்டாம் என்று தோட்டின் கதையைச் சொன்னேன். போன் பூட்டுத் திரையில் அவசர விவரம் நிரப்பும் வசதியும் உண்டு. செலவில்லாத வேலை, இன்றே செய்யுங்கள். ஆனால் எங்கள் ஆபீஸில் ஆறு பேரிடம் என் போனைக் கொடுத்து அதை எடுக்கச் சொன்னேன், ஒருவருக்கும் எங்கே தட்டுவது என்று தெரியவில்லை.

தகட்டில் குறைகளும் உண்டு. கொக்கி துப்பட்டாவில் மாட்டி நூலை இழுக்கும். எழுத்துக் குழியில் சோப்பும் மஞ்சளும் சேர்ந்துவிடும், வாரம் ஒரு முறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போது கழற்ற வேண்டும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மலிவு ஸ்டீல் அரிக்கும். தூக்கத்தில் மட்டும் வலிப்பு வருகிறவர்களும், பல வருடமாக ஒன்றுகூட வராதவர்களும் டாக்டரிடம் பேசிவிட்டு விட்டுவிடலாம். என்னைப் போல வெளியே போய் வருகிற, முன்னறிவிப்பில்லாமல் விழுகிற ஆளுக்குப் போடச் சொல்வேன், தமிழில், வெளிப்பக்கமாக.

போன மாதம் வீட்டுக்காரர் நம்பர் மாற்றினார். வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது, புதுத் தகடு வேண்டும். சனிக்கிழமை போகிறோம். இந்த முறை உள்பக்கம் இரண்டு நம்பர். இரண்டாவது அம்மாவுடையது. "அவர் மீட்டிங்ல இருந்தா எடுக்கமாட்டார், என் நம்பரையும் போடச் சொல்லு" என்று அம்மாவே கேட்டார்.