பிரின்ஸ் ஆல்பர்ட்டும் போர்க்கும்: கூட்டத்தைக் கூட்டுபவர் யார்?

காவல்துறையும் சமூக நலத்துறையும் கலந்து பேசினால், பூர்வகுடிக் குடும்பங்கள் நீதிமன்றப் படியேறும் முன்பே உதவி சென்றுசேரும் என்பதில் கனடாவின் பிரின்ஸ் ஆல்பர்ட் நகரமும் ஆஸ்திரேலியாவின் போர்க் சிற்றூரும் ஒத்துப்போகின்றன. கூட்டத்தைக் கூட்டும் உரிமை யாருடையது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

சஸ்காட்சுவான் மாகாணத்துப் பிரின்ஸ் ஆல்பர்ட்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பல துறைகள் கூடிச் செயல்பட்ட அனுபவத்தைப் பார்த்துவந்த காவல்துறை முன்னின்று 2011இல் 'ஹப்' முறையைத் தொடங்கியது. காவல், சுகாதாரம், பள்ளி, குழந்தைநலம் ஆகிய துறையினர் வாரம் இருமுறை கூடுகிறார்கள். ஒரு துறை தனியாகத் தீர்க்க முடியாத சிக்கல் மட்டுமே அங்கு வரும். முதலில் பெயர் சொல்லாமல் விவரிக்கப்படும். ஆபத்து கடுமையானது என்று ஒப்புக்கொண்ட பிறகே ஆள் யாரென்று வெளிப்படும். அதன்பின் தொடர்புடையவர்கள் மட்டும் தனியே அமர்ந்து திட்டமிட்டு, விரைவிலேயே அந்த வீட்டுக்குச் செல்வார்கள். வேகமே இதன் பலம். ஆனால், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த உறைவிடப் பள்ளிகளுக்கு அவர்களைக் கொண்டுசெல்வதில் காவலர்களுக்கும் பங்கிருந்த ஒரு நாட்டில், காவலரும் குழந்தைநலப் பணியாளரும் சேர்ந்து வாசலில் நிற்பதை எல்லாத் தாய்மார்களும் உதவி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில், டார்லிங் ஆற்றங்கரையில் உள்ள போர்க்கில் 2013இல் உருவான திட்டத்தின் பெயர் மரங்குகா. அப்பகுதிப் பழங்குடியினரின் ஙெம்பா மொழியில் பிறரைப் பேணுதல் என்று பொருள். இருபதுக்கும் மேற்பட்ட மொழிக்குழுக்களின் பிரதிநிதிகள் அடங்கிய பழங்குடி மன்றம் வழிகாட்ட, காவலர்கள் மரங்குகா அலுவலகத்துக்கு வந்து முந்தைய நாள் நிகழ்வுகளைச் சொல்கிறார்கள். யார் வீட்டுக்கு யார் போவது என்பது அங்கே முடிவாகிறது. உரிமமின்றி வண்டி ஓட்டி வழக்கில் சிக்கும் இளைஞர்களுக்கு உரிமம் பெறவே உதவலாம் என்ற எளிய யோசனையும் இங்கு செயலுக்கு வந்தது. (காவல்நிலையத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தால் இது தோன்றியிருக்குமா என்பது ஐயமே.) 2016ஐ விட 2017இல் பதிவான குடும்ப வன்முறை 23% குறைந்ததாகக் கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனம் 2018இல் மதிப்பிட்டது. சிற்றூரின் ஓராண்டுக் கணக்கு என்பதால் அதை அளவோடு நம்புவதே நல்லது.

என் சாய்வு போர்க்கின் பக்கமே. எனினும் அத்தகைய மன்றம் ஓர் அரசாணையில் முளைத்துவிடாது. ஹப் முறையையோ பிற ஊர்கள் எளிதில் எடுத்தாள முடிந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் சாம்சன் கிரீ என்ற பூர்வகுடி மக்கள் அதே ஹப் முறையைத் தங்கள் நிலத்திலேயே நிறுவிக்கொண்டதால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.