ஒரே சர்ச் பாக்ஸா, தனிப் பக்கமா?

யுனிவர்சிட்டி லைப்ரரி வெப்சைட்டை தபால்ல படிக்கிறவங்களுக்காக மாத்தணும்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முகப்புல கூகுள் மாதிரி ஒரே சர்ச் பாக்ஸ். இன்னொண்ணு, அவங்களுக்குன்னே தனிப் பக்கம், அதுல லாகின், இ-புக், பழைய கேள்வித்தாள், லைப்ரரியன் நம்பர்னு நாலஞ்சு லிங்க்.

சர்ச் பாக்ஸ் பாக்க அழகு, புக்கு ஜர்னல் எல்லாம் ஒரே எடத்துல தேடலாம், ஆனா ஆம்பூர்ல ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிச்சிட்டு பஸ்ல நின்னுக்கினே போன்ல தேடுற பொண்ணுக்கு ஆயிரக்கணக்குல ரிசல்ட் வந்து இன்னா பிரயோஜனம், அதுல ஒண்ணைத் தொட்டா காசு கட்டுன்னு பப்ளிஷர் சைட் கேக்கும். ஏன்னா நிறைய ஜர்னல் கேம்பஸோட ஐபி அட்ரஸை (நெட்ல அந்த எடத்தோட அடையாள நம்பர்) பாத்துதான் கதவைத் தொறக்கும், குடியாத்தத்துல வீட்ல இருக்கிறவரு அதுக்கு வெளியாளு. ப்ராக்ஸி (கேம்பஸ் சர்வர் வழியா சுத்திப் போறது) வழியாவோ, யுனிவர்சிட்டி லைப்ரரிங்களை இணைக்கிற இன்ஃப்ளிப்னெட் அமைப்போட இன்ஃபெட் மாதிரி லாகின் வழியாவோ போனாத்தான் உள்ள விடும். அந்த லாகின் எங்க இருக்குன்னு மொதல்லயே காட்டுறது தனிப் பக்கம்தான்.

அதுக்கும் ஒரு வியாதி உண்டு. ஆரம்ப ஜோர்ல போட்ட லிங்க்ல பாதி கொஞ்ச நாள்ல செத்துப்போவும், யாராவது பாத்துக்கினே இருக்கணும் (நம்ம ஊர்ல அந்த யாராவதுதான் கெடைக்க மாட்டாங்க).

இருந்தாலும் என் ஓட்டு தனிப் பக்கத்துக்குத்தான். சர்ச் பாக்ஸ் வேணும்னா கீழ ஒரு ஓரமா இருக்கட்டும், மேல, இந்திய யுனிவர்சிட்டிங்களோட பிஎச்டி தீசிஸைச் சேத்து வெக்கிற ஷோத்கங்கா சைட்டோட லிங்க்கை வெச்சிடுங்க, தீசிஸ் எல்லாம் ஃப்ரீயாவே படிக்கலாம்.